ஆர்லீன் கூபாட்டின் எட்டு மணி மாத்திரை

ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வெர்னான் ஸ்டெலிக் தனக்குச் சேராத ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரையை விழுங்கிவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பது வருடம் தானியக் கிடங்கில் சோளத் தூசியை மூச்சாக இழுத்த உடம்பு அது. பக்கத்து அறைக்குப் போக வேண்டியது தன் கோப்பையில் வந்திருப்பதை அவரே கண்டுபிடித்து, "பரவால்ல, என் எலும்புக்கும் கொஞ்சம் போகட்டும்" என்று காப்பியோடு இறக்கிக்கொண்டார். அந்த ஒரு மாத்திரையால் படுத்தது வேறு இரண்டு பேர். மாநில ஆய்வாளர் அதைப் பற்றி எழுதிய அரைப் பக்கக் குறிப்பைப் படித்து முதலில் அவர் இருந்த முதியோர் இல்லத்தை நடத்தும் கம்பெனி படுத்தது. பிறகு, அந்தக் குறிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆர்லீன் கூபாட் படுத்தார்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைப் பற்றி எல்லோரும் சிரிக்கிறோம். அவனாவது தன் சொந்த வீட்டைக் கொளுத்தினான். கம்பெனிக்கு மூன்று மாநிலங்களில் பதினான்கு முதியோர் இல்லங்கள் இருந்தன. அதன் தலைமை அலுவலகத்தில் ஒருவர்கூட எழுபது வயதைத் தாண்டியவர் இல்லை. அவர்கள் ஒமாஹாவில் உட்கார்ந்துகொண்டு, தெற்கு நெப்ராஸ்காவின் சோள வயல்களுக்கு நடுவில் இருந்த 'அமைதிச்சரிவு இல்ல'த்தைத் திருத்த முடிவெடுத்தார்கள்.

அந்த இல்லத்தில் மாத்திரை கொடுக்கும் வேலை மார்லா பீட்டர்ஷுடையது. பதினோரு வருடமாக அவள்தான் மாத்திரை வண்டியைத் தள்ளுகிறாள். முப்பத்தொரு பேரில் யாருக்கு ஆப்பிள் கூழில் கலந்து கொடுக்க வேண்டும், யார் நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிறகு பூந்தொட்டியில் துப்புவார், யாருக்கு முதலில் ஒரு கெட்ட ஜோக் சொன்னால்தான் வாய் திறக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாக எட்டு மணிக்கு ஆர்லீனுக்கு மஞ்சள் மாத்திரை போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது தெரியும். ஆர்லீனுக்கு நடுக்குவாதம். மாத்திரை நேரத்துக்குப் போனால் எட்டரைக்கு எழுந்து, உதட்டுக்குச் சாயம் பூசி, தானாகவே நடந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவார். தாமதமானால் கை கால் விறைத்து, நாற்காலியில் நாற்காலியாக உட்கார்ந்திருப்பார். மார்லா அதனால் எப்போதும் இருபத்தேழாம் எண் அறையிலிருந்துதான் தொடங்குவாள்.

ஒமாஹாவிலிருந்து விட்னி ஸ்லேட் வந்து இறங்கியது மே மாதம். அவருடைய பதவியின் பெயர் 'மருந்துப் பாதுகாப்புப் பண்பாட்டு இயக்குநர்'. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். மாத்திரை என்று அவர் வாழ்க்கையில் விழுங்கியது தலைவலிக்கு மட்டும்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலங்கியைத் தூக்கிக் காட்டினார். முதுகில், 'பேசாதீர்கள். பாதுகாப்பு நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதியிருந்தது.

"மார்லா இதைப் போட்டிருக்கிற வரைக்கும் யாரும் அவங்ககூட பேசக் கூடாது. கவனம் சிதறினா தப்பு வரும். பேரு, பிறந்த தேதி, இந்த ரெண்டைத் தவிர உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது. உங்களோட நல்லதுக்குத்தான்" என்றார் விட்னி.

"தீப்பிடிச்சா?" என்று கேட்டார் வெர்னான்.

"தீக்குத் தனி பாலிசி இருக்கு, சார்."

"மாத்திரை தொண்டையில சிக்கிச்சுன்னா?"

"அதுவும் வேற பாலிசி. அதை இன்னும் எழுதிட்டு இருக்கோம்."

இல்லத்தின் மேலாளர் கென்ட் ப்ரூபேக்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கெட்டவர் அல்ல. தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குபவர், அவ்வளவுதான்.

மேலங்கியோடு ஒரு புது வண்டியும் வந்தது. பழைய வண்டிக்குச் சக்கரமும் இழுப்பறையும் மட்டும்தான் இருந்தன. இதற்குக் காது இருந்தது, வாய் இருந்தது. முதியவர் தன் பெயரையும் பிறந்த தேதியையும் தானே உரக்கச் சொல்ல வேண்டும். பதிவில் இருப்பதோடு பொருந்தினால் அவருடைய இழுப்பறை திறக்கும். பொருந்தாவிட்டால் இன்னொரு முறை சொல்ல விடும்; அப்போதும் பொருந்தாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். பணியாளர் பதிலைச் சொல்லிக் கொடுத்தால் 'தூண்டுதல்' என்று பதிவு செய்துகொண்டு, உடனே பூட்டிக்கொள்ளும். திரையில் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு நாள் கட்டங்கள் உண்டு. 'எடுத்துக்கொண்டார்' என்றால் பச்சை. 'மறுத்தார்' என்றால் சிவப்பு. 'இல்லத்தில் இல்லை' என்றால் அதுவும் பச்சை. இந்த மூன்றைத் தவிர மனிதனுக்கும் மாத்திரைக்கும் நடுவில் வேறு எதுவும் நடக்க முடியாது என்று ஒமாஹாவில் தீர்மானித்திருந்தார்கள்.

எந்த அறைக்கு முதலில் போவது என்பதையும் வண்டியே முடிவு செய்தது. அது ஒன்றிலிருந்து எண்ணத் தெரிந்த வண்டி. ஆகவே முதல் நாள் மார்லா இருபத்தேழாம் அறைக்கு வந்து சேரும்போது மணி எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது மணி வரை கொடுத்தால் 'உரிய நேரம்'தான், திரை பச்சைதான் என்று விட்னி விளக்கியிருந்தார். ஆர்லீனின் கால்களுக்கு அதை யாரும் விளக்கவில்லை. அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி பாதி விறைத்து நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பேரச் சொல்லுங்க" என்றாள் மார்லா. சொல்லும்போதே அவளுக்கு முகம் சிவந்தது.

"ஏண்டி, மூளைக்கு ஏதாவது ஆயிடுச்சா உனக்கு? உன் கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் பண்ணினது யாரு? உங்கம்மா செத்தப்ப பெட்டியில வெச்ச முகத்துக்குப் பவுடர் போட்டது யாரு?"

"நீங்கதான். பேரு சொன்னாத்தான் இது திறக்கும்."

நாற்பது வருடம் சலூன் நடத்தி அந்த ஊர்ப் பெண்களின் தலையைத் தன் கைக்குள் வைத்திருந்த ஆர்லீன், ஒரு பெருமூச்சு விட்டுப் பெயரைச் சொன்னார்.

"பிறந்த தேதி?"

ஆர்லீன் நடைவழியை இரண்டு பக்கமும் பார்த்தார். நாலடி தள்ளி வெர்னான் தன் நடைவண்டியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர் பதினாலு. நாப்பத்தி மூணு."

வண்டி சிவந்தது. "பொருந்தவில்லை" என்றது, மிக மரியாதையான பெண் குரலில்.

பதிவில் இருந்தது முப்பத்தெட்டு. அதுதான் உண்மை. அந்த உண்மையை ஆர்லீன் ஐம்பது வருடமாக வாயால் சொன்னதில்லை. சலூன் வாடிக்கையாளர்களுக்கும், கட்டிய புருஷனுக்கும், பாதிரியாருக்கும் நாற்பத்தி மூன்றுதான். இல்லத்துக்கு வந்த பிறகு இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமைகளில் அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டியோடு ஒருவர் வந்து போல்கா நடனத்துக்கு வாசிப்பார். வெர்னான் நாற்பத்தி இரண்டில் பிறந்தவர். "என்னைவிட மூத்தவளோட ஆடறதில்ல, பேசறதுக்கு விஷயமே இருக்காது" என்று வந்த முதல் வாரமே அவர் அறிவித்திருந்தார். ஒரு வயது இளையவரான ஆர்லீன் அவரோடு வாரம் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறையும் அவர் வாயில் நாற்பத்தி மூன்றே வந்தது; அன்று மஞ்சள் மாத்திரை இழுப்பறைக்குள்ளேயே இருந்தது. திரையில், 'ஆர்லீன் கூபாட்: மறுத்தார்' என்று பதிவானது.

அதற்குப் பிறகு, நடைவழி காலியாக இருக்கும் வேளைகளில் மட்டும் ஆர்லீன் உண்மையைச் சொன்னார். அதையும் முணுமுணுத்தார். "கேட்கவில்லை. உரக்கச் சொல்லவும்" என்றது வண்டி. உரக்கச் சொன்னால் நாலு அறைக்குக் கேட்கும். பத்து வேளையில் நாலு வேளைதான் இழுப்பறை திறந்தது. திறந்த வேளையிலும் இன்னொரு விதி காத்திருந்தது. மாத்திரையை முதியவரே தன் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பணியாளர் உதவலாம், தொடக் கூடாது. மாத்திரை போனால்தான் ஆர்லீனின் கை நடுங்காமல் இருக்கும். கை நடுங்காமல் இருந்தால்தான் மாத்திரை போகும். இதில் எது முதல் என்று பாலிசியில் இல்லை.

ஒரு நாள் கோப்பை ஆடி மாத்திரை தரையில் உருண்டது. விழுந்த மாத்திரையை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உறையிலிட்டு ஒட்டிய பிறகுதான் வேறொன்று எடுக்கலாம். மார்லா சாட்சிக்குச் சமையல்காரரைக் கூப்பிட்டாள். அவர் ஆரஞ்சு மேலங்கியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நுனிக்காலில் நடந்து போய்விட்டார். துணி வெளுக்கிற பெண் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கட்டுப்பாடான பணியாளர்கள் என்று அந்த வாரம் இருவருக்கும் பாராட்டு அட்டை வந்தது. மாத்திரை பதினோரு மணி வரை தரையில் கிடந்தது. மார்லா அதற்குக் காவல் நின்றாள்.

'மறுத்தார்' என்று பதினெட்டு சிவப்புக் கட்டங்கள் சேர்ந்ததும் ஒரு மனநல ஆலோசகர் வந்து, மருந்தின் மேல் ஏன் இந்தக் கோபம் என்று ஆர்லீனிடம் கேட்டார். "மருந்து மேல இல்லடா, உங்க பொட்டி மேல" என்றார் ஆர்லீன். 'கோபத்தை ஒப்புக்கொள்கிறார், முன்னேற்றம்' என்று ஆலோசகர் எழுதிக்கொண்டு போனார்.

மார்லா கென்ட்டின் அறைக் கதவைத் தட்டினாள்.

"அவங்க மறுக்கல, கென்ட். வயசைக் குறைச்சுச் சொல்றாங்க. அவ்வளவுதான். அவங்க யாருன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொரு தலைமுடிக்கும் தெரியும்."

"நான் உங்க பக்கம்தான் மார்லா" என்றார் கென்ட். "ஆனா பக்கம் எடுத்துக்கற அதிகாரம் எனக்குக் கிடையாது."

"அப்ப பதிவை மாத்துங்க. நாப்பத்தி மூணுன்னே போட்டுடுங்க."

அதற்கு ஒரு படிவம் இருந்தது. கம்பெனியில் எதற்கு இல்லாவிட்டாலும் படிவம் இருக்கும். 'அடையாளத் திருத்த விண்ணப்பம்', ஒன்பது பக்கம். மார்லா உட்கார்ந்து நிரப்பி அனுப்பினாள். கமிட்டி கூடும்போது பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. டாக்டர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்த மருந்து அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது நெப்ராஸ்காவிலும் உண்மைதான்.

ஜூலை மாதக் கூட்டத்தில் விட்னி திரையில் கோடுகள் காட்டினார். எல்லாக் கோடும் கீழே இறங்கியிருந்தது. தவறான மாத்திரை போன சம்பவம் பூஜ்யம்.

"போக வேண்டிய மாத்திரையும் போகலியே?" என்றாள் மார்லா.

விட்னி அவளைப் பரிவோடு பார்த்தார். "உங்க அக்கறை எனக்குப் புரியுது. ஆனா எண்களைப் பாருங்க. ஒரு மாத்திரையைக் கொடுக்கிறப்பதான் தப்பு நடக்கறதுக்கு வாய்ப்பே வருது. கொடுக்காத மாத்திரையால இதுவரைக்கும் நம்ம கம்பெனியில ஒரு தப்புகூட பதிவானதில்ல."

கென்ட் தலையாட்டினார். யாரோ கை தட்டினார்கள்.

அதே கூட்டத்தின் முடிவில், தொண்டையைச் செருமிக்கொண்டு கென்ட் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். ஆர்லீன் கூபாட்டை இப்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. எழுந்து நிற்க இரண்டு ஆள் தேவைப்படுகிறவரை இந்த வகை இல்லத்தில் வைத்துக்கொள்ள விதி இல்லை. வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சோதனை. தானாக எழுந்து கதவு வரை பத்தடி நடந்தால் அறை அவருக்கு. இல்லாவிட்டால் அறுபது மைல் தள்ளியிருக்கும் நர்சிங் ஹோம். ஆர்லீனுக்குப் பிள்ளைகள் இல்லை. மருமகன் முறையில் ஒருவன் அரிசோனாவில் இருந்தான். அவனுக்கு எழுதினார்கள். 'உங்களுக்கு எது வசதியோ' என்று பதில் போட்டான்.

புதன்கிழமை மத்தியானம் மார்லா மேலங்கியைக் கழற்றிவிட்டு இருபத்தேழாம் அறையில் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், உரக்கச் சொல்லிடுங்க. கென்ட்கிட்ட கெஞ்சி உங்களுக்கு முதல்ல வண்டி கொண்டுவர ஏற்பாடு பண்ணிட்டேன். எட்டு மணிக்கு மாத்திரை போனா ஒம்பதுக்கு நீங்க நடப்பீங்க. போல்காவே ஆடுவீங்க."

"எங்க வெச்சுச் சொல்லணும்?"

"சாப்பாட்டுக் கூடத்துல. விட்னி எல்லார் முன்னாலயும் செய்து காட்டணுமாம்."

"அம்பது வருஷம் கட்டிக் காப்பாத்தின பொய்டி அது. என் புருஷன் கல்லறைக் கல்லுல பக்கத்துல என் பேரையும் இப்பவே வெட்டி வெச்சிருக்கு. அதுலயும் நாப்பத்தி மூணுதான். செத்த தேதி மட்டும்தான் பாக்கி."

"கல்லு அப்படியே இருக்கட்டும். வண்டிகிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க."

"வெர்னான் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அறுபது மைலுக்கு அப்பால அவர் சிரிக்கக்கூட வர மாட்டாரு."

மறுநாள் காலை, இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது, ஆர்லீனின் உதட்டில் சாயம் இருந்தது. கோணலாக இருந்தது. தானே பூசியிருக்கிறார் என்று தெரிந்தது.

மேஜைகளில் பிளம் வைத்த கொலாச்சி ரொட்டியும் காப்பியும் பரிமாறியிருந்தார்கள். மணி எட்டு. விட்னியும் கென்ட்டும் பின்னால் நிற்க, மார்லா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்லீன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். சலூனில் பத்து டிரையர் ஓடும்போதும் கேட்கிற குரல் ஒன்று அவருக்கு உண்டு. அதை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

"ஆர்லீன் கூபாட். செப்டம்பர் பதினாலு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு."

கரண்டிச் சத்தம் நின்றது. வெர்னான் தலையைத் தூக்கினார். ஆர்லீன் யாரையும் பார்க்கவில்லை. கையை மட்டும் கோப்பைக்காக நீட்டினார்.

வண்டி சிவந்தது.

"பொருந்தவில்லை" என்றது.

மார்லா வண்டியைப் பார்த்தாள், விட்னியைப் பார்த்தாள். விட்னி தன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார்.

"ஓ, நல்ல சேதி! உங்க விண்ணப்பம் பாஸ் ஆயிடுச்சு மார்லா. இன்னிக்குக் காலையில ஆறு மணிலேருந்து பதிவுல நாப்பத்தி மூணு. நீங்க கேட்ட மாதிரியே. பாத்தீங்களா, கம்பெனி காது கொடுத்துக் கேக்குது."

"நாப்பத்தி மூணுன்னு சொல்லுங்க ஆர்லீன்!" என்று கத்தினாள் மார்லா.

"தூண்டுதல் பதிவு செய்யப்பட்டது" என்றது வண்டி. உள்ளே பூட்டு விழுகிற சத்தம் நன்றாகவே கேட்டது.

"நாப்பத்தி மூணு" என்றார் ஆர்லீன், மெல்ல. ஐம்பது வருடத்தில் அதை அவர் அவ்வளவு வெட்கத்தோடு சொன்னதில்லை. வண்டி பதில் பேசவில்லை.

மார்லா இழுப்பறையைப் பிடித்து இழுத்தாள். வண்டியைக் காலால் உதைத்தாள். "இருங்க, கோடாலி கொண்டுவரேன்" என்று எழுந்தார் வெர்னான்.

"மேலங்கி போட்டிருக்கிறவங்ககிட்ட பேசாதீங்க, சார்" என்றார் விட்னி.

"ஒரு மணி நேரம் தள்ளி வெச்சு சோதனையப் பண்ணுங்க, பூட்டு திறந்துடும்" என்று மார்லா கென்ட்டிடம் கெஞ்சினாள். கென்ட் விட்னியைப் பார்த்தார். விட்னி அட்டவணையைப் பார்த்தார். பத்து மணிக்கு அவருக்கு அடுத்த இல்லத்தில் இதே பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு இருந்தது.

ஒன்பது மணிக்குச் சோதனை நடந்தது. ஆர்லீன் மூன்று முறை எழப் பார்த்தார். மூன்றாவது முறை நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார். அங்கேயே நின்றார், அந்தரத்தில், முழங்கை நடுங்க. வெர்னான் கையை நீட்டினார். உதவி செய்தால் சோதனை செல்லாது என்று விட்னி தடுத்தார். ஆர்லீன் திரும்ப உட்கார்ந்தார். விட்னி காகிதத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டார். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. மார்லா இன்னும் மேலங்கியில் இருந்தாள்.

சனிக்கிழமை ஆர்லீனை நர்சிங் ஹோமுக்கு ஏற்றிப்போக வேன் வந்தது. வாசலில் வெர்னான் நின்றார்.

"எண்பத்தாறா நீ? இத்தனை நாளா ஒரு அக்காவோடயா ஆடிட்டு இருந்தேன்?"

"வாய மூடு வெர்னான்."

"மூட மாட்டேன். அக்காவோடயும் ஆடலாம்னு முடிவு பண்ணிட்டேன். சீக்கிரம் வா."

ஆர்லீனின் முகம் விறைத்திருந்தது. சிரித்தாரா இல்லையா என்று சொல்வது கடினம்.

மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை மார்லா அறுபது மைல் ஓட்டிக்கொண்டு போனாள். சுவரில் சாயம் உரிந்த நர்சிங் ஹோம். முன் அறையில் மாநில ஆய்வாளரின் கண்டனக் கடிதங்கள் இரண்டைச் சட்டப்படி மாட்டி வைத்திருந்தார்கள். சூயிங் கம் மென்றுகொண்டே ஒரு நர்ஸ் வந்தாள். "ஆர்லீன், வாயத் திற கண்ணு" என்று மஞ்சள் மாத்திரையை நாக்கில் வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், போய்விட்டாள். பத்து வினாடி ஆகியிருக்கும். அரை மணி கழித்து ஆர்லீன் எழுந்து, மார்லாவின் கையைக்கூடப் பிடிக்காமல், ஜன்னல் வரை நடந்தார்.

மார்லா அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து கென்ட்டிடம் காட்டினாள். கென்ட் இரண்டு முறை பார்த்தார். கண் கலங்கினார். பிறகு, இருபத்தேழாம் அறையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றும், காத்திருப்போர் பட்டியல் பதினான்கு மாதம் நீளம் என்றும் சொன்னார்.

ஆர்லீனின் பெயரை வண்டியிலிருந்து நீக்க வேறொரு படிவம் இருந்தது. அது ஒமாஹாவில் பரிசீலனையில் இருந்தது. அதனால் தினமும் மூன்று வேளை, புது ஆள் இருந்த அந்த அறையின் வாசலில் வண்டி நின்று, ஆர்லீன் கூபாட்டின் பெயரைக் கேட்டது. தினமும் மூன்று வேளை மார்லா 'இல்லத்தில் இல்லை' என்ற மூன்றாவது பொத்தானை அழுத்தினாள்.

செப்டம்பரில் விட்னி கேக்கோடு வந்தார். நூறு நாள் பிழையின்மைக்குப் பித்தளையில் ஒரு கேடயமும் வந்தது. திரையில் முப்பத்திரண்டு பெயர்களும் அவற்றின் கட்டங்களும் விரிந்தன. அங்கங்கே சிவப்பு தெறித்திருந்தது. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும், ஜூலைக் கடைசியிலிருந்து, ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லாமல் பச்சை ஓடியது.

"இதைப் பாருங்க" என்றார் விட்னி. குரல் தழுதழுத்தது. "கூபாட். எங்ககிட்ட மொத்தமா பதினாலு இல்லம் இருக்கு. இப்படி ஒரு வரிசையை நான் எங்கயும் பாத்ததில்ல. முன்னால எவ்வளவு சிவப்பு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. இவங்க விஷயத்துல நீங்க என்ன பண்ணினீங்க? யார் பண்ணினது? தயவுசெய்து சொல்லுங்க."

மார்லா எழுந்தாள்.

"வெளிய அனுப்பிட்டோம்."

விட்னி திரையில் இருந்த பச்சையை மறுபடி ஒரு முறை பார்த்தார்.

"அதை எழுதிக்குங்க, கென்ட்" என்றார்.

கென்ட் எழுதிக்கொண்டார்.